கதவில் ஒட்டிய நோட்டீஸ்

"இந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. மீறி வாங்குகிறவருக்கு எந்த உரிமையும் கிடையாது."

வீட்டு வசதி வாரியத்து அதிகாரி ரோகிணி அந்தத் தாளை முத்திருளன் வீட்டுக் கதவில் ஒட்டி முடிக்கவும், வீட்டை வாங்க வந்த ஆள் சத்தமில்லாமல் படி இறங்கவும் சரியாக இருந்தது.

வண்டியூர்ப் பக்கம் அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடி அது. இத்தனை வருஷம் குடியிருந்த பிறகுதான் கைமாற்றலாம் என்று விதி. விதியாவது ஒண்ணாவது, அந்தப் பிளாக்கில் பாதி வீடு கமுக்கமாகக் கைமாறியாச்சு. இவன் வீட்டுக்கு மட்டும் சட்டம் படியேறி வந்தால் வயிறு எரியாதா?

முத்திருளன் கெஞ்சிப் பார்த்தான். சிம்மக்கல்லில் ஒரு லோடு வண்டி விலைக்கு வருகிறது, அதை வாங்கிவிட்டால் கூலிக்குப் போக வேண்டாம், பிள்ளைகளை நல்லபடியாகப் படிக்க வைக்கலாம் என்றான். ஒரே ஒரு வாரம் கழித்து வந்து ஒட்டச் சொன்னான்.

"முடியாதுண்ணே. புகார் வந்திருக்கு. பத்திர ஆபீசுக்கும் லெட்டர் போயிருச்சு" என்றாள் ரோகிணி.

கல்நெஞ்சுக்காரி என்று பக்கத்து வீடுகள் முணுமுணுத்தன. முத்திருளன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு அதோடு விடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏழை பொழைக்கிறது பொறுக்கலையா, நீ குடியிருக்கிற வீடு வெளங்குமா என்று நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி ஏசினாள். மொட்டைக் கடுதாசி போட்டவன் கை விளங்காமல் போகட்டும் என்று சாபமும் விட்டாள்.

ரோகிணி நோட்டீசைக் கதவோடு சேர்த்து போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வாங்க வந்த ஆளைச் சமாதானப்படுத்த முத்திருளன் பின்னாலேயே ஓடினான். கூட்டமும் கலைந்தது.

ரோகிணி கீழே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது தங்கப்பொண்ணு மூச்சிரைக்க இறங்கி வந்தாள். இன்னும் ஏச்சு பாக்கி இருக்கிறதாக்கும் என்று நினைத்தாள் ரோகிணி.

"மன்னிச்சிருங்க மேடம். நான் கத்தலைன்னா அவருக்குச் சந்தேகம் வந்திரும். கடுதாசி போட்டது நாந்தான்."

ரோகிணி ஸ்கூட்டரை மறுபடி ஸ்டாண்டில் போட்டாள்.

"பேரையூர்ல இருந்த வெள்ளாமைக் காட்டை வித்து அவரு வச்ச கடை ஆறு மாசங்கூட நிக்கலை. எம்பிள்ளைகளுக்கு மிச்சம் இந்த வீடு ஒண்ணுதான். விடமாட்டேன் மேடம்."

தங்கப்பொண்ணு மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

"தாளுன்னா கிழிச்சுப் போட்டுருவாரு. நாளைக்கே வந்து சுவத்துல பெயிண்ட்டால எழுதிட்டுப் போங்க. நான் இதைவிடச் சத்தமாத் திட்டுறேன்."