பத்து மணிக்கு வந்தவன்

டில்லிபாபுவுக்கு விடியற்காலையிலிருந்தே காய்ச்சல். "இன்னிக்கு லீவு போடுய்யா," என்றாள் மனைவி மதி. "ஆளு கம்மியா கீது மதி, போயே ஆவணும்," என்று மணலி கன்டெய்னர் யார்டுக்குக் கிளம்பிப் போனான்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தான். "முடியல," என்றான். மதி பாய் விரித்துப் படுக்கவைத்தாள். கஞ்சி ஊட்டி, நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அவள் விரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனான்.

பன்னிரண்டரைக்கு அவளுடைய போன் அடித்தது. டில்லிபாபுதான் பேசினான்.

"யார்டுலதான் கீறேன் மதி. பத்து மணிக்கே ஜுரம் வுட்டுப்போச்சு. இப்ப நல்லா பசிக்குது."

மதி பாயைப் பார்த்தாள். அவன் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றி இன்னும் கொதித்தது.

"சாப்ட்டு மெதுவா வாய்யா," என்றாள் போனில், பாயில் இருப்பவன் விழித்துவிடாதபடி மெல்லிய குரலில். பிடியிலிருந்த விரலை விடுவிக்காமல், இன்னொரு கையால் துணியை மறுபடி நனைத்தாள்.