நோயாளி ஒன்று

“இந்தக் கட்டுரையை எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைச்சா, போய் வேற பொழப்பைப் பாருன்னு நேர்லயே சொல்லிடுவேன்!”

பேராசிரியர் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் தள்ளிவிட்டார். எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவியின் சிவப்புப் பேனா ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

“யாரோ எதையோ எழுதினதுக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறீங்க?”

“கொதிக்காம? என் முறையே தப்புங்கறான். நான் பூசி மெழுகறேனாம்!”

அவருடைய முறை என்றால் லேசுப்பட்டதில்லை. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் எப்படி ஓடும், சுவரை எங்கே எவ்வளவு அழுத்தும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர்கள், குழாயைப் பொடிப்பொடித் துண்டுகளாக்கிக்கொள்வார்கள். குழாய் சட்டென்று வளையும் இடத்தில் எண்கள் எகிறி, கணக்கு பாதியில் படுத்துவிடும். எகிறும் எண்களை லேசாகத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டால் கணக்கு சமர்த்தாக முடிந்துவிடும் என்று கண்டுபிடித்தவர் இவர். அந்தத் தேய்ப்புக்கு இவர் பெயரையே வைத்து, விருதும் கொடுத்து, ஆஸ்பத்திரிகள் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

இவர் தேய்க்கிற இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்கிறது இந்தக் கட்டுரை.

அதை எழுதியவள் எதிரே உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் படித்தவர்கள். அங்கே ஒரே ஒரு வேலைதான் காலியாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அது யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. அவளுக்கு ஒரு சின்னக் கல்லூரியில் முதலாண்டுக் கணக்கு வாய்த்தது. ஆராய்ச்சி இதழ்கள், தமக்கு வரும் கட்டுரைகளை எழுதியவர் பெயரை மறைத்துத்தான் துறை நிபுணர்களிடம் மதிப்பிட அனுப்பும். எப்படியும் இவரிடம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும் என்றுதான் அனுப்பினாள்.

காரணம், அவளுடைய அப்பா. அவர் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் புடைத்திருந்தது. ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர்கள் தயங்கியபோது, மாப்பிள்ளை ஸ்கேனை வாங்கி வந்து தன் புது முறையில் கணக்குப் போட்டார். “நிம்மதியா இருங்க மாமா, சுவர் தாங்கும்” என்றார். மாப்பிள்ளை சொல்லிவிட்டால் அப்பாவிடம் அப்பீல் கிடையாது. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், ஷேவ் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்று எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் மாப்பிள்ளைதான்.

ஸ்கேன் அவளிடமே இருந்தது. தேய்க்காமல் அந்தக் கணக்கை முடிக்க, கல்லூரியின் பழைய கம்ப்யூட்டர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாள். முடித்தபோது, வெடித்த இடத்திலேயே எண் மலையாக எழுந்து நின்றது. கட்டுரையில் அப்பாவுக்கு ‘நோயாளி ஒன்று’ என்று பெயர் வைத்தாள். உங்களால்தான் அப்பா போனார் என்று முகத்துக்கு நேரே சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். முகம் தெரியாத யாரோ சொன்னால் முறையை மட்டும் திருத்திக்கொள்வார். எத்தனையோ குழாய்களைப் பார்த்தவருக்கு இந்த ஒன்று எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

“கணக்குல எங்க தப்புன்னு சொல்லுங்களேன்” என்றாள்.

“தப்பு இருந்தா நான் ஏன் கத்தறேன்? தோண்டித் தோண்டிப் பார்த்துட்டேன், ஒரு ஓட்டை கிடைக்கல.”

“அப்போ சரிதானே?”

“சரியா இருக்கறதுதான் வயித்தெரிச்சல்! இது வெளிய வந்தா என் பேரு என்ன ஆகும்? இந்த வீடு, வாசல்ல நிக்கிற காரு எல்லாம் எதுல ஓடுதுன்னு நினைக்கிறே?”

“உங்க கணக்கை நம்பி ஆபரேஷன் வேண்டாம்னு வீட்டுக்குப் போறவங்க?”

“எல்லாருக்குமா வெடிக்குது?”

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். இருந்தாலும் மனசு அவருக்கு வக்காலத்து வாங்கியது. கோபத்தில் பேசுகிறார், ஆறினால் மாறிவிடுவார்.

அவர் மடிக்கணினியை இழுத்துத் தன் மதிப்பீட்டைத் தட்டச்சு செய்து, வாய்விட்டும் படித்தார். “‘எழுதியவருக்கு இத்துறையின் அரிச்சுவடியே தெரியவில்லை. வெளியிடத் தகுதியற்றது.’ எப்படி இருக்கு?”

“அநியாயமா இருக்கு.”

அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார். “அனுப்பப்போறேன். ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு.”

சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பாவுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுத அந்த முகம் குறுக்கே வந்து நின்றது. தெரிந்தால் தாங்கமாட்டார்.

“உங்க மனசாட்சி” என்று மட்டும் சொன்னாள்.

அவர் பொத்தானை அழுத்தினார். வருஷக்கணக்கான உழைப்பு, ஒரு சின்னச் சத்தத்தோடு போயிற்று.

அவள் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். தெரியாமல் செய்கிறவரை என்னவென்று திட்டுவது? கண்ணீர் முட்டிக்கொண்டு வர, அவருக்குத் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைப்பக்கம் நடந்தாள்.

“இரு” என்றார் அவர். குரலில் இப்போது கோபமே இல்லை. “அடுத்த இதழுக்கு அனுப்பறப்போ மாமாவோட ஸ்கேனை அதுலேருந்து நீக்கிட்டு அனுப்பு. அவர் கண்ணை மூடின வாரமே நானும் தேய்க்காம ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதே இடத்துலதான் எகிறுச்சு.”