முதல் வசனத்துப் பிழை

“எல்லாரும் பேனையைக் கீழை வையுங்கோ. இதைக் கேளுங்கோ.”

தலைமை கிளாக்கர் மயில்வாகனம் மனுக் கூடைக்குள் கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். காலைத் தேநீர் முடிந்ததும் அவர் முதலில் தேடுவது மஹ்ரூப் எழுதிய மனுவைத்தான். ரோட்டு இலாகா அலுவலகமான அந்தக் கந்தோரின் வாசலில் வாகை மரத்தடியில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுக்கிற கிழவர் மஹ்ரூப்.

மயில்வாகனம் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார்:

“‘மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து செத்தபின், நான் என் கணவரை அடக்கம் செய்தேன்.’”

கந்தோரே சிரிப்பில் குலுங்கியது.

“வசனத்தின்ரை தலையில ஒரு தொடரை வைச்சால், கமா போட்ட கையோடை அது ஆரைப் பற்றினதோ அந்த ஆள் வந்து நிக்கவேணும். இஞ்சை ‘நான்’ எண்டு இவள் வந்து நிக்கிறாள். அப்ப செத்தது ஆர்?”

“அவளேதான் ஐயா!” என்றான் இளைய கிளாக்கர் லெட்சுமணன். “பேய்கிட்ட பெட்டிசன் வாங்கின முதல் கந்தோர் நம்மளோடதுதாங்க!”

மனு கமலம் என்ற பெண்ணுடையது. புசல்லாவையில் ரோட்டு வேலையாட்களுக்கான லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றில் இருக்கிறாள். ரோட்டுக்குக் கல்லுடைத்த புருஷன் போய்விட்டான். அறையை விடச் சொல்கிறார் ரோட்டு வேலையை மேற்பார்க்கிற ஓவசியர். மகன் வேலைக்குச் சேரும்வரை இருக்க அனுமதி கேட்கிறாள்.

மயில்வாகனம் சிவப்பு மையால் அந்த வசனத்தைத் திருத்தினார். வழக்கம்போல் முழுவதையும் தம் அழகான கையெழுத்தில் புதிதாக எழுதினார். பழைய தாளையும் புதிய தாளையும் எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. துரை கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் அன்று கொழும்பிலிருந்து வந்த இன்னொரு துரையும் உள்ளே இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

“இப்படிப்பட்டவனையா உங்கள் வாசலில் எழுத விட்டிருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

மயில்வாகனத்துக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவருடைய ஆங்கிலத்தை யாரும் குறை சொன்னதில்லை. இப்போது வாசலில் கிடக்கிற ஒருவனால் அந்தப் பெயர் கெடுவதா?

மாலையில் மஹ்ரூப்பைக் கூப்பிட்டார்.

“உமக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்? ஒரு வசனமாவது நேராத் தொடங்கத் தெரியாதே உமக்கு?”

“பிழை என்னோடதான் ஐயா.”

“நாளையிலயிருந்து மரத்தடிக்கு வரவேண்டாம். தனபாலன் எண்டு படிச்ச பெடியன் வாறான்.”

மஹ்ரூப் தொப்பியைச் சரிசெய்தார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்த மயில்வாகனம், அதற்குப் பதிலையும் தயாராக வைத்திருந்தார்.

“அந்தக் கமலத்துட மனு என்னாச்சி ஐயா?”

“திருத்தி என்ரை கையால எழுதிக் குடுத்தன். துரை ஒப்பம் வைச்சாச்சு.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

கிழவரின் முகம் மலர்ந்தது. மானம் ரோசம் இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் மயில்வாகனம்.

தனபாலனின் மனுக்களில் பிழையே இல்லை. மயில்வாகனம் முதல் வசனத்தைப் பார்ப்பார். தலைத் தொடர், கமா, உரிய ஆள், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். திருப்தியோடு கூடையில் போடுவார், முறை வரும்போது பார்க்கலாம் என்று. ஒரு கூடை இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று.

நான்காம் மாதம், கந்தோர்ப் படியில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தாள். பெயர் சுந்தரி.

“மனுக் குடுத்து மூணு மாசமாச்சுங்க. எங்க வீட்டுக்காரரும் கல்லு ஒடச்சவருதாங்க. கமலத்துக்கு அறை குடுத்தீங்கன்னுதான் நானும் வந்தேன். முந்தாநாளு சட்டி பானையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டுட்டாங்க. புள்ளைங்க மழையில நிக்கிதுங்க.”

மயில்வாகனம் கூடைகளைக் கவிழ்த்தார். அவளுடைய மனு இரண்டாவது கூடையின் அடியில் இருந்தது. நின்றபடியே வாசித்தார். பிள்ளைகள் நான்கு, கடைசிக்கு எட்டு மாதம் என்று மூன்றாவது வசனத்திலேயே இருந்தது. மூன்றாவது வசனம்வரை தாம் கடைசியாகப் படித்த மனு எது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

அன்றே துரையிடம் ஓடினார். அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது என்று ஓவசியரிடமிருந்து பதில் வந்தது.

யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது அவருக்கு. தனபாலனைக் கூப்பிட்டார்.

“மஹ்ரூப் இருந்தவரைக்கும் ஒரு மனுவும் இப்பிடிக் கிடக்கேல்லை. நீர் வந்த பிறகு மூண்டு கூடை நிறைஞ்சு கிடக்கு. என்ன காணும் செய்யிறீர் அந்த மரத்தடியில?”

“சொன்னா ஐயா கோவிச்சுக்குவீங்க,” என்றான் தனபாலன்.

“சொல்லும்!”

“போற அன்னிக்கு மஹ்ரூப் பெரியவரு என்னைத் தனியா கூப்பிட்டு, ‘முதல் வசனத்துல ஒரு பிழை வை தம்பி. பெரிய கிளாக்கர் ஐயா சிரிக்காத மனு துரை மேசைக்குப் போகாது’ன்னு சொன்னாருங்க. நான்தான், மானம் போயிடுமேன்னு வைக்கல.”