மூன்று தரம் அடித்த மணி

மேடையில் இன்பராஜ் மணிக் கயிற்றை மூன்று தரம் இழுத்தான்.

அரங்கம் மூச்சடக்கியது. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் அந்த மணிக்கு விளக்கம் வேண்டாம். மூன்று அடித்தால், சுரங்கத்திலிருந்து மேலே தூக்கும் கூண்டான கேஜில் ஆள் ஏறுகிறது, மெதுவாகத் தூக்கு. ஒன்று அடித்தால் வெறும் கல்; சரேலென்று தூக்கிவிடுவார்கள்.

முதல் வரிசையில் கொர்னேலியஸ் மேஸ்திரி முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். பாட்டு இல்லாத, படுதா இல்லாத இந்தப் புது மாதிரி நாடகம் அவருடைய கதை. எழுதி நடிப்பவன் அவர் மகன் இன்பராஜ்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தாறில், சுரங்கத்தில் அவரோடு வேலை செய்த வாசு கேஜில் ஏறி முடிப்பதற்குள் அது கிளம்பி அவனை நசுக்கியது. அன்று மணி அடித்தவர் கொர்னேலியஸ். மணி சரிதான், வாசுதான் பொறுக்காமல் பாய்ந்தான் என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். அவன் மனைவி சரோஜம்மா அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையைத் தாண்டி வந்ததில்லை.

இன்றும் அங்கேதான் இருந்தாள்.

மேடையில் அப்பா வேஷத்தில் மகன் கைகளை விரித்தான். “நான் அடிச்சது மூணு. அவன் பொறுக்கல. விதி இழுத்துக்கினு போச்சு, நான் இன்னா பண்ணுவேன்?”

கைதட்டல் கூரையைத் தொட்டது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொர்னேலியஸ் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள்.

நம் குடும்பத்தில் எவனும் பொய் சொன்னதில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் மகனை வளர்த்தார். அதை நம்பித்தான் அவன் மேடை ஏறியிருக்கிறான்.

இப்படியே உட்கார்ந்திருக்கலாம். கேட்பாரில்லை.

எழுந்தார். கை கொடுக்க வந்தவர்களைத் கைத்தடியால் விலக்கிவிட்டு மேடைப் படியேறினார். ஆசீர்வாதத்துக்காக மகன் தலை குனிந்தான். அவர் அவனைத் தாண்டிப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

ஒரு தரம் இழுத்தார்.

கயிற்றை விட்டுவிட்டார்.

கைதட்டல் பாதியில் அறுந்தது.

“அன்னிக்கு அடிச்சது இதான். விதி இல்ல, இந்தக் கை. வாசு மேல தப்பே கெடையாது.”

மகன் அவர் தோளைப் பிடித்தான். அவர் அசையவில்லை. முதுகு வளையவுமில்லை.

கடைசி வரிசையில் சரோஜம்மா எழுந்து நின்றாள்.

“இன்னொரு தபா சொல்லுங்க, மேஸ்திரி. பின்னால கேக்கல.”