வித்யா வாசித்த எச்சரிக்கை

“பையைக் கீழே வைங்க அத்தை. மறுபடியும் எச்சரிக்கை வந்திருக்கு.”

வித்யாலட்சுமி செல்போனை நீட்டியபடி வாசலை மறித்து நின்றாள். பாதி வாசலை அவளுடைய ஆறு மாத வயிறு அடைத்தது, மீதியை நீட்டிய கை அடைத்தது.

“இன்னைக்குமா கண்ணு?” என்றாள் மாமியார் ரத்தினம்மாள். தன் ஊரான கோபிக்குக் கிளம்புகிற பை அவள் தோளில் புடைத்துக்கொண்டு தொங்கியது.

“நான் என்ன பண்ண? கவர்மென்ட் அனுப்புது. நீங்களே பாருங்க.”

திரை முழுக்கக் கன்னடம்.

“எனக்கு எதுக்குக் காட்டற? நீயே படிச்சுச் சொல்லு.”

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து வருடங்கள் ஆகியும், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வித்யாவுக்குக் கன்னடம் வரும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இப்போது அதுவே ரொம்ப வசதியாகப் போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“பெங்களூருக்கு ஆரஞ்சு அலர்ட். இடி மின்னலோட பேய்மழை. சூறைக்காத்து அடிக்கும், மரம் முறிஞ்சு விழும், அண்டர்பாஸ்ல தண்ணி நிக்கும், கரண்ட் கம்பி அறுந்து தொங்கும். யாரும் வெளியூர் போகாதீங்க.”

“வெளியூர் கூடப் போட்டிருக்குதா?”

“போட்டிருக்கு.”

“இத்தனையும் ரெண்டே வரியிலயா?”

“கன்னடம் அப்படித்தான் அத்தை. சுருக்கமா இருக்கும்.”

ரத்தினம்மாள் பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எதிர் பிளாக்கில் யாரோ கம்பளிகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வித்யாவுக்கு வானத்தின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் யாரும் கேட்காமலே கொட்டித் தீர்த்து, பார்க்கிங்கில் நின்ற அவளுடைய ஸ்கூட்டரை முக்கால்வாசி மூழ்கடித்த வானம்தான் இது. இன்றைக்கு நாலு சொட்டு தூறினால் என்ன குறைந்துவிடும்?

கணவன் கவினை அலுவலகம் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. வர இன்னும் மூன்று மாதம் ஆகும். வித்யாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, ராத்திரியில் தனியாக இருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். கூப்பிட்டுக்கொள்ள அம்மாவும் இல்லை. ‘இருங்க அத்தை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கல்யாணமான புதிதில், “எங்க வீட்டை எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும்” என்று இதே மாமியாரின் முகத்துக்கு நேரே சொல்லி, அடுத்த பஸ்ஸுக்கே கிளம்ப வைத்த வாய் அது. இப்போது எந்த முகத்தோடு கேட்பது? கவினைக் கேட்கச் சொன்னால், “நீயே ஒரு வார்த்தை கேளேன்” என்று சொல்லிவிட்டு அவன் மீட்டிங்குக்குப் போய்விட்டான். புருஷன் என்று ஒருத்தன் எதற்குத்தான் இருக்கிறானோ.

நல்லவேளையாக இந்த வாரம் எச்சரிக்கைகள் வரிசை கட்டி வந்தன.

“அப்ப நான் சாயங்காலம் போறேன்” என்றாள் ரத்தினம்மாள்.

“சாயங்காலம்தான் ஆலங்கட்டி மழை.”

“அதுவும் போட்டிருக்குதா?”

“கீழே போட்டிருக்கு.”

“நாளைக்கு?”

“நாளைக்கு மின்னல்.”

“யாரு மேல விழும்னும் போட்டிருக்குதா கண்ணு?”

வித்யா பல்லைக் கடித்தாள். ஒரு மனுஷி இத்தனை கேள்வியா கேட்பாள்? சரியென்று பையை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே போய்க் காப்பி போட்டால் ஆகாதா?

“மழைக்குப் பயந்துட்டு இருந்தா ஆகுமா? ரெண்டு நாளைக்குன்னு வந்தவ நான். உனக்கு எதுக்குத் தொந்தரவு?” ரத்தினம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “கொஞ்சம் வழி விடு கண்ணு. பஸ்ஸுக்குப் போகோணும்.”

அவ்வளவுதான். வித்யாவின் பொறுமை அறுந்துபோயிற்று.

“தொந்தரவுன்னு நான் சொன்னேனா? விடிஞ்சா பை, பை, பை. ராத்திரி தலை சுத்தி விழுந்தா நான் யாரைக் கூப்பிடறது? கதவைத் திறக்கக்கூட இங்க ஆள் கிடையாது. எனக்குப் பயமா இருக்கு அத்தை. போகாதீங்க. குழந்தை பிறக்கற வரைக்கும் என்கூட இருங்க.”

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

ரத்தினம்மாள் செருப்பைக் கழற்றினாள். மருமகளின் கையிலிருந்த செல்போனை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு கடகடவென்று படித்தாள்.

“கராவளி ஜில்லெகளல்லி பாரி மளெ சாத்யதெ. மீனுகாரரு சமுத்ரக்கெ இளியபாரது.” செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். “மங்களூர்ப் பக்கம் மீன் பிடிக்கறவங்க கடல்ல இறங்கக் கூடாதாம். நேத்து வந்ததும் இதேதான்.”

“உங்களுக்குக் கன்னடம் படிக்கத் தெரியுமா?” என்றாள் வித்யா.

“நான் பொறந்தது தாளவாடியில, கர்நாடகா எல்லை. எட்டாவது வரைக்கும் படிச்சது கன்னடப் பள்ளிக்கூடம்.”

“அப்ப எல்லாம் பொய்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு தினமும் பையைத் தூக்கிட்டு நின்னீங்க?” அழுகைக்கு நடுவிலும் வித்யாவுக்குக் கோபம் வந்தது.

“நீயா வாயைத் திறந்து இருங்கன்னு சொல்லோணுமல்ல” என்றபடி ரத்தினம்மாள் பையின் ஜிப்பை இழுத்தாள். உள்ளே, அவள் படுக்கிற அறையின் இரண்டு தலையணைகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.