இன்னும் பத்து நிமிஷம்

கல்வராயன் மலையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். சாயங்காலம் மணி அடித்ததும் எட்வின் சார் அதில் ஏறிவிடுவார். அன்றைக்கு முக்கால் மணி நேரம் கழித்துப் புது வாத்தியார் இளமாறனும் ஏறி வந்தார்.

“பிள்ளைங்க போனுக்குப் பூட்டு போடுற ஆப் உங்க வூட்ல இருக்காமே சார்? என் பொண்ணுக்கும் போடணும்.”

“போடு தம்பி. எங்க வூட்ல கண்டிப்பு ஜாஸ்தி. வீடியோ ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான். மேல வேணும்னா அனுமதி கேக்கணும்.”

“அப்படி இன்னா சார் ஆச்சு?”

“முகம் தெரியாத ஒருத்திக்கு போட்டோ, வூட்டு விலாசம் எல்லாம் போயிடுச்சு.”

“ஐயோ! வயசு அப்படி சார். பூட்டு போட்டதும் ஒரே அழுகையா?”

“ஒரு வாரம் சோறு எறங்கல.”

போன் அடித்தது. சிக்னலுக்காக அதை உயரத் தூக்கிப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார் எட்வின் சார். தியாகதுருகத்து வீட்டிலிருந்து, பத்தாவது படிக்கும் மகள் நான்சி.

“அப்பா, இன்னும் பத்து நிமிஷம் வேணும்னு மூணு தடவ கேட்டுட்ட. தர மாட்டேன். மொதல்ல பரீட்சைப் பேப்பரத் திருத்து.”

இளமாறன் வாயைப் பிளந்தார்.

ஐம்பத்து நாலு வயது எட்வின் சார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “கண்டிப்பு ஜாஸ்தின்னு சொன்னேன்ல?” என்றார்.