ஒன்பதரை மணித் தண்ணீர்

தண்ணீர்த் திருடன் யாரென்பதில் கேசவனுக்குச் சந்தேகமே இல்லை. மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டு மோகன்ராஜைப் பார்த்துக் கத்தினார்.

"நீ வீடு கட்டறப்ப ஆறு மாசம் என் கிணத்துத் தண்ணிதான்டா! இப்ப முந்நூறு அடிக்கு போர் போட்டு என் ஊத்தையே உறியறியா?"

"அண்ணா, அந்த போர்ல இன்னும் மோட்டாரே இறக்கலண்ணா" என்றான் மோகன்ராஜ். முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டான்.

கேசவன் நம்பவில்லை. உண்ட வீட்டுக்கே ரெண்டகம் செய்கிறவன் உண்மையா பேசுவான்? தாம்பரத்தை ஒட்டிய அந்த நகரில் எந்த வீட்டு போர் தண்ணீரும் உப்புக் கரிக்கும். இவர் வீட்டுப் பழைய கிணறு மட்டும் இளநீராக இனிக்கும். அந்தத் தண்ணீர்தான் மூன்று மாதமாக மொட்டைமாடித் தொட்டியில் நூல் மாதிரி விழுகிறது.

கிணற்றடியில் குந்தியிருந்த மோட்டார் மெக்கானிக் சின்னப்பன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சார், மோட்டார்ல ஒண்ணியும் இல்ல. ஃபுட் வால்வும் க்ளீனா கீது. கெணத்துல தண்ணி ரொம்பிக் கீது. எப்ப எப்ப கம்மியா வருது?"

"காலைல ஆறு மணிக்கு நான் போட்டா நல்லாதான் விழுது. ஒம்பதரைக்கு என் வீட்டுக்காரி போடுவா, அப்பதான் இப்படி."

"இன்னா சார் பேஜாரா கீது! மோட்டாருக்கு கடியாரம் பாக்கத் தெரியுமா?"

கேசவனுக்கும் அதுதான் புரியவில்லை. தினமும் மாடியேறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். அரை மணி நேரம் நூலாக விழும். பிறகு, பின்பக்கக் காலி மனைக்கு அப்பால் ஏதோ ஒரு வீட்டிலிருந்து சாம்பிராணி வாசனை வரும். யாரோ புண்ணியவான் பூஜை செய்கிறான் என்று இவர் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள் தண்ணீரும் சரியாகிவிடும்.

"தொட்டி ரொம்புதில்ல, அப்புறம் என்ன? மெக்கானிக்கெல்லாம் எதுக்கு?" சமையலறை ஜன்னலிலிருந்து ஜெயக்கொடி குரல் கொடுத்தாள்.

"நீ சும்மா இரு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

ஜெயக்கொடி பிடிவாதக்காரி. இரண்டு வருடத்துக்கு முன் மகள் தமிழினி, கூடப் படித்த ஜெபகுமாரைச் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு இதே கிணற்றுச் சுவரில் ஓங்கி அடித்து, "இனிமே இந்த வீட்ல அவ பேர எடுத்தீங்க, இதுலயே குதிச்சிடுவேன்" என்று சத்தியம் செய்தவள் அவள்.

கேசவனுக்கு ஆறே மாதத்தில் கோபம் ஆறிவிட்டது. மகள் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் பெண்டாட்டி சொன்னதைச் செய்துவிட்டால்? போனில் மகளின் எண்ணை எடுத்துப் பார்ப்பார், மூடி வைப்பார். மாதம் ஒரு தரம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் தனியாகப் போய் மகள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, தன் பேருக்கு என்று வீட்டில் பொய் சொல்வார். பெற்றது கைவிட்டுப் போனாலும் கட்டியவள் ஒருத்தி தன் பக்கம் நிற்கிறாள். அது போதும் என்று இருந்தார்.

"சார், இங்க வாங்க!"

சின்னப்பன் குழாயைத் தொட்டுக்கொண்டே வீட்டின் பின்புறம் போயிருந்தார். கறிவேப்பிலைச் செடிக்கு அருகில் கவிழ்ந்து கிடந்த பழைய பக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் புத்தம்புது டீ ஜாயிண்ட், சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு வால்வு. அங்கிருந்து ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்கியது.

"உங்க லைன்லயே ஜாயிண்ட் போட்டு இஸ்துகினு போயிக்கிறாங்க சார். ஆனா பக்கத்து வூட்டுக்குப் போவல. காலி மனை வழியா பின் தெருவுக்குப் போவுது."

கேசவன் குழாயைத் தொட்டார். சில்லென்று இருந்தது, உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணி ஒன்பதே முக்கால்.

"என் வீட்டுக்குள்ளயே பூந்து... நான் கோவிலுக்குப் போற நாளாப் பாத்துச் செஞ்சிருக்கான்!" காலி மனைப் பக்கம் கையை நீட்டினார். "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? தண்ணியில்லன்னு வந்த யாரையாவது நான் திருப்பி அனுப்பியிருக்கேனா? இப்படி முதுகுல குத்திட்டானே!"

"யாருன்னு தெரியணுமே சார்."

"தெரியும் பாரு. வால்வ மூடறேன். எவன் பதறி அடிச்சிக்கிட்டு ஓடி வரானோ, அவன்தான் திருடன்!"

குனிந்து சிவப்புக் கைப்பிடியைத் திருகினார். பாதி மூடியது.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. கையில் கரண்டியோடு, செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள் ஜெயக்கொடி. வந்த வேகத்தில் அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மூடாதீங்க... நம்ம பேத்தி இன்னும் குளிச்சு முடிக்கல."